வைட்டமின் டப்பா

அன்புள்ள மகளுக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ சொன்னதைக் கேட்டுவிட்டு நான் பேசாமலே இருந்தேன். கோபம் என்று நினைத்துவிடாதே. திடீர் திடீரென்று வரும் அந்தப் பயத் தாக்குதலுக்கு, பேனிக் என்கிறார்களே அதற்கு, டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து நான்கு நாள் ஆகிறது, இன்னும் அட்டையைப் பிரிக்கவே இல்லை என்றாய். "நம்ம வீட்ல யாருக்குமே இப்படி இல்லையேப்பா, எனக்கு மட்டும் ஏன்?" என்று கேட்டாய். அப்போதே பதில் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம் வீட்டில் இருக்கிறது அம்மாடி. எனக்கு இருக்கிறது. உனக்கு ஐந்து வயதாக இருக்கும்போது வந்தது.

என் அலமாரியின் மேல் தட்டில் ஒரு வைட்டமின் டப்பா இருக்குமே, நினைவிருக்கிறதா? அதில் இருந்தது வைட்டமின் இல்லை. உனக்கு ஒன்பது வயதில் ஒருநாள் நாற்காலி போட்டு ஏறி அதை எடுத்துவிட்டாய். ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "எனக்கும் சத்து வேணும்" என்று சிரித்தபடி நின்றாய். நான் ஓடிவந்து உன் கையைத் தட்டிவிட்டேன். மாத்திரை கட்டிலுக்கு அடியில் உருண்டு போனது. நான் போட்ட சத்தத்தில் நீ நாற்காலியிலிருந்து இறங்கக்கூடத் தெரியாமல் நின்று அழுதாய். குழந்தை அதை விழுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பயந்தேன், அது உண்மை. டப்பாவில் என்ன இருக்கிறது என்று உன் அம்மா கேட்டுவிடுவாளோ என்றும் பயந்தேன். அதுவும் உண்மை. அந்த இரண்டாவது பயத்தை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. அன்று உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

முதல் தடவை வந்தபோது நான் ஒரு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். முன்னால் இரண்டே பேர். திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. விரல் நுனியெல்லாம் மரத்துப் போய், உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போல இருந்தது. செத்துப்போகிறோம் என்பது எனக்கு அப்போது சந்தேகமே இல்லாத விஷயம். ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. "உங்களுக்கு ஒண்ணுமே இல்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நல்ல செய்திதான். ஆனால் அடுத்த வாரமே மறுபடி வந்தபோது, ஒன்றும் இல்லாததற்கு எந்த டாக்டரிடம் போவது?

வேகமாக மூச்சு வாங்கும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும், விரல் மரப்பதும் தலை சுற்றுவதும் பெரும்பாலும் அதனால்தான், தாக்குதல் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாகவே இறங்கிவிடும் என்பதையெல்லாம் அன்று யாராவது சொல்லியிருந்தால் எனக்குப் பாதிப் பயம் போயிருக்கும். உனக்கு உன் டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்தது. கேட்கவே நிம்மதியாக இருந்தது.

அப்புறம் ஒரு டாக்டர், பதற்றத்தைச் சீக்கிரம் அடக்கும் அல்பிரசோலம் என்ற மாத்திரையை 0.25 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். அரைமணி நேரத்தில் உடம்பு அடங்கியது. எத்தனை நாளைக்கு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றானது. எங்கே போனாலும் சட்டைப் பையில் ஓர் அட்டை இருக்கும். அது இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்ப்பேன். பஸ்ஸில் பாதி வழியில் அது இல்லை என்று தெரிந்து இறங்கித் திரும்பி வந்திருக்கிறேன். வீட்டில் மறந்துவிட்ட ஃபைலை எடுக்க வந்ததாக உங்களிடம் சொன்னேன்.

நான் செய்த பெரிய தப்பு அதற்கு அப்புறம்தான். ஒருநாள் என்மேலேயே வெறுப்பு வந்து, இனிமேல் தொடமாட்டேன் என்று மொத்தமாக நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாள் கை நடுங்கியது. தூக்கம் இல்லை. குழாயில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மண்டைக்குள் அடித்தது. பழைய நோய் பத்து மடங்காகத் திரும்பிவிட்டது என்று நினைத்தேன். மருந்தைத் திடீரென்று நிறுத்தியதால் வந்த அவஸ்தை அது. அந்த வகை மாத்திரைகளைத் தொடர்ந்து எடுத்துவிட்டு அப்படி நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் அந்த வகை மருந்துகள் அனைத்திலும் இந்த எச்சரிக்கையைக் கட்டம் கட்டிப் போட உத்தரவிட்டது. எனக்கு அது தெரியவந்தபோது எவ்வளவு பெரிய கண்டத்திலிருந்து தப்பித்திருக்கிறேன் என்று புரிந்தது.

அதற்குப் பிறகுதான் மனநல மருத்துவரிடம் போனேன். அவர் என்னைத் திட்டவில்லை. எஸ்சிட்டாலோபிராம் என்ற, மெதுவாக வேலை செய்யும் வேறு வகை மாத்திரையை 5 மில்லிகிராமில் ஆரம்பித்து, அப்புறம் 10 ஆக்கினார். அல்பிரசோலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொன்னார். நீங்கள் எல்லோரும் தூங்கிய பிறகு, வெள்ளைத் தாளை விரித்து பிளேடால் மாத்திரையைக் கால் பாகமாக வெட்டுவேன். சமமாக வராது. ஒன்று பெரிதாக இருக்கும், ஒன்று பொடிந்துபோகும். பொடியையும் தாளை மடித்து நாக்கில் தட்டிக்கொள்வேன். முழுக்க விட எட்டு மாதம் ஆனது.

உனக்குக் கொடுத்திருப்பது செர்ட்ராலின் என்றாய். என் இப்போதைய மாத்திரையும் அதுவும் ஒரே குடும்பம். போட்ட அரைமணியில் எதுவும் நடக்காது. இரண்டு வாரம் ஆகும், சிலருக்கு ஆறு வாரம்கூட ஆகும். முதல் வாரம் 25 மில்லிகிராம், அப்புறம் 50 என்று எழுதியிருப்பதற்கும் காரணம் உண்டு. பேனிக் உள்ளவர்களுக்கு ஆரம்பத்தில் படபடப்பு கொஞ்சம் கூடலாம், அதனால்தான் குறைவாகத் தொடங்குவார்கள். எனக்கு முதல் பத்து நாள் குமட்டல் இருந்தது, கொட்டாவி கொட்டாவியாக வந்தது, உள்ளுக்குள் ஏதோ ஓடிக்கொண்டே இருந்தது. இந்த மருந்து நமக்கு ஆகாது என்று ஆறாம் நாள் முடிவே செய்துவிட்டேன். டாக்டருக்குப் போன் செய்ததால் தப்பித்தேன். உனக்கும் அப்படி ஒரு நாள் வரலாம். வந்தால் அட்டையைத் தூக்கி எறியாதே, டாக்டரைக் கூப்பிடு.

இன்னொன்று, இதை நிதானமாகப் படி. 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களில் சிலருக்கு, ஆரம்பத்திலும் டோஸ் மாற்றும்போதும் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரலாம் என்று இந்த மருந்துகளுக்கு ஓர் எச்சரிக்கை இருக்கிறது. உனக்கு 24. எல்லோருக்கும் வருவதில்லை. வந்தால் அதோடு தனியாக உட்கார்ந்திருக்காதே. பக்கத்தில் யாரையாவது கூப்பிடு, டாக்டரிடம் சொல், எனக்குப் போன் செய். ராத்திரி இரண்டு மணியானாலும் சரி. போன் என் தலைமாட்டிலேயே இருக்கும். அப்புறம், சில பக்கவிளைவுகளை அப்பாவிடம் சொல்ல உனக்குக் கூச்சமாக இருக்கும். டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லிவிடு, டோஸையோ மருந்தையோ மாற்ற வழி இருக்கும்.

"அடிமையாகிடுவேனாப்பா?" என்று கேட்டாய். அல்பிரசோலம் போல இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இது இழுக்காது. ஆனால் இதையும் சட்டென்று நிறுத்தக் கூடாது. இரண்டு நாள் போட மறந்தபோது, கண்ணைத் திருப்பினால் தலைக்குள் மின்சாரம் வெட்டியது போல இருந்தது எனக்கு. நிறுத்தும் நேரம் வரும்போது டாக்டரோடு சேர்ந்து குறைத்துக்கொள்ளலாம். நான் ஒருமுறை அப்படிக் குறைத்து நிறுத்தி, ஒரு வருடம் நன்றாக இருந்தேன். திரும்ப வந்தது, திரும்ப ஆரம்பித்தேன். இன்றும் 10 மில்லிகிராம் எடுக்கிறேன்.

குணமாவது நமக்கே தெரியாது என்பதையும் சொல்ல வேண்டும். 1960-களின் தொடக்கத்தில் டொனால்ட் க்ளைன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், கடும் பதற்றத்தோடு ஆஸ்பத்திரியில் இருந்தவர்களுக்கு இமிப்ரமின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். சில வாரம் கழித்துக் கேட்டால் ஒரு நோயாளி, ஒன்றும் மாறவில்லை என்றார். வார்டு நர்ஸுக்குத்தான் தெரிந்தது. தினமும் மூன்று நான்கு தடவை, சாகப்போகிறேன் என்று நர்ஸ்கள் இருக்கும் இடத்துக்கு ஓடி வந்துகொண்டிருந்த மனிதர், ஓடி வருவதையே நிறுத்தியிருந்தார். சாதாரணப் பதற்றம் வேறு, இந்தத் திடீர்த் தாக்குதல் வேறு என்று க்ளைன் பிரித்துக் காட்டியதற்குப் பின்னால் இப்படி ஒரு நர்ஸின் கண் இருந்தது.

எனக்கு அந்த நர்ஸ் உன் அம்மா. புது மாத்திரை ஆரம்பித்து ஐந்து வாரம் இருக்கும். ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், "ஏங்க, இன்னைக்கு நீங்க கதவுப் பக்கத்துல உட்காரவே இல்லையே" என்றாள். எங்கே போனாலும் ஓடுவதற்கு வசதியாகக் கதவோரம் இடம் பிடிப்பேன் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அன்று நடுவரிசையில் உட்கார்ந்திருந்ததை நானே கவனிக்கவில்லை. அன்று ராத்திரி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "ஆறு வருஷமா அதே டப்பா. அந்த வைட்டமின் மட்டும் தீரவே தீராதான்னு எனக்குத் தோணாதா? நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றாள்.

ஆறு வருடம் அவளும் தனியாகத்தான் இருந்திருக்கிறாள். அதை நினைத்துத்தான் அன்று அழுதேன்.

உன்னிடம் மட்டும் சொல்லாமல் விட்டோம். சின்னப் பெண், படிக்கிறாள், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று வருடம் ஓடிவிட்டது. நீ ஊருக்குப் போன பிறகு என் மாத்திரை அட்டை மேசைமேல் பகிரங்கமாகத்தான் கிடக்கும். நீ விடுமுறைக்கு வரும் முதல் நாள் மட்டும் அதை எடுத்து மறுபடி அந்த டப்பாவுக்குள் போட்டுவிடுவேன். நான் மறைத்ததால்தான், நம் வீட்டில் யாருக்கும் இல்லை என்று நினைத்து நான்கு நாள் மூடிய அட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அந்த நான்கு நாள் என் கணக்கில் வரவேண்டியது.

இந்தக் கடிதத்தை எழுத உட்காரும் முன் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டேன். அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

உன் மாத்திரையைக் காலையில் போடச் சொல்லியிருக்கிறார் என்றாய். என்னுடையதும் காலையில்தான். இதைப் படித்துவிட்டு நாளைக் காலை போன் செய். அட்டையையும் தண்ணீரையும் எடுத்து வைத்துக்கொண்டு கூப்பிடு. நானும் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருப்பேன். சேர்ந்தே போட்டுக்கொள்ளலாம்.

அன்புடன்,
அப்பா