மத்தியானம் போனால் மான் நிற்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சுற்றுலாப் பகுதியில் கோடியக்கரை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மான் கண்ணில் படவில்லை, பறவைகள் புள்ளியாகத் தெரிந்தன, அரை நாளே அதிகம் என்று முடித்திருக்கிறார் எழுதியவர். வேதாரண்யம் கோயிலில் நடை சாத்திய பிறகு, சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு காட்டுக்குள் போனதாக அவரே எழுதுகிறார். அந்த வெயிலில் இந்தப் பக்கத்து ஆட்களான நாங்களே திண்ணையை விட்டு இறங்க மாட்டோம். மான் மட்டும் வந்து நிற்குமா?

போன மார்கழியில் பேரனோடு போயிருந்தேன். முதல் நாள் இரவே வேதாரண்யத்தில் தங்கிவிட்டு, விடிந்ததும் கிளம்பினோம். பேரன் மரத்தடியெல்லாம் தேடிக்கொண்டே வந்தான். அதன் பேரே வெளிமான்டா, புல்வெளியைப் பார் என்றேன். இருபது இருபத்தைந்து இருக்கும். நடுவே ஒரு கிடா, முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, கொம்பு முறுக்கிவிட்ட மாதிரி. அவன் செல்போனை எடுப்பதற்குள் ஒரு பெட்டை தலையைத் தூக்கியது. அவ்வளவுதான், கூட்டம் மொத்தமும் பந்து எகிறுவதைப் போல எழும்பி எழும்பிப் போய்விட்டது. படத்தில் விழுந்தது ஒரு மட்டக்குதிரையும் அதன் முதுகில் உட்கார்ந்திருந்த உண்ணிக்கொக்கும்தான். குதிரைகள் பார்க்க அழகுதான். ஆனால் மானுக்கு வேண்டிய புல்லை அவையும் மேய்கின்றன. புல்வெளியைச் சீமைக்கருவேலம் வேறு தின்றுகொண்டிருக்கிறது. 1967இல் சரணாலயமாக அறிவித்ததே இந்த மானுக்காகத்தான்.

பறவைகளுக்கு ஐப்பசி முதல் மாசி வரைதான் காலம். கட்டுரையாளர் வந்தது சித்திரையில். பூநாரையும் உள்ளானும் தண்ணீர் மட்டத்தைப் பார்த்து இடம் மாறிக்கொண்டே இருக்கும். இன்று நின்ற இடத்தில் நாளை நிற்காது. உப்பளப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டால் எங்கே இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். எங்களுக்கும் அப்படித்தான் கிடைத்தது. பூநாரை அலகைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சேற்றுத் தண்ணீரை அரித்துத் தின்பதைப் பேரன் பைனாகுலரை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

உப்பளம் என்றதும் இன்னொன்று. அகத்தியம்பள்ளி உப்புச் சத்தியாகிரக நினைவுத் தூணை அவர் ஒரே வரியில் தாண்டிவிட்டார். 1930 ஏப்ரல் 13ஆம் தேதி திருச்சியிலிருந்து ராஜாஜியும் தொண்டர்களும் நடக்கத் தொடங்கி, 28ஆம் தேதி வேதாரண்யம் வந்தார்கள். அவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலத்தை வழியோர மரக்கிளைகளில் கட்டிவிட்டுப் போனதாக எங்கள் பக்கம் இன்றும் சொல்வார்கள். யார் கொடுத்தது என்று மரத்தையா கேட்க முடியும்?

சோழர் காலத்துக் கலங்கரை விளக்கத்தைக் காணவில்லை என்றும் எழுதியிருக்கிறார். பராந்தக சோழன் கட்டியது என்று சொல்லப்படும் அந்தச் செங்கல் கட்டடத்தை 2004 சுனாமி சாய்த்துவிட்டது. மிஞ்சியிருப்பது அடிப்பகுதி மட்டும்தான். கடற்கரை மணலில் கொஞ்சம் நடந்து போய்த் தேட வேண்டும், காரில் இருந்தபடியே தெரியாது. முழுதாக நின்றபோது அதன் நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோறு தின்றிருக்கிறோம். அப்புறம் 2018இல் கஜா புயல் வந்தது. அதில் சாய்ந்த மரங்களுக்குக் கணக்கில்லை.

அவரைக் குறை சொல்ல மட்டும் இதை எழுதவில்லை. கட்டுரையை நம்பி நாலு பேர் அதே உச்சி வெயிலில் வந்து, காட்டுக்குள் ஹாரன் அடித்துக்கொண்டு சுற்றிவிட்டு, ஒன்றுமில்லை என்று திரும்பிவிடக் கூடாதே என்றுதான். இப்போது கார்கூட வேண்டாம். 2023 ஏப்ரலிலிருந்து திருத்துறைப்பூண்டி - அகத்தியம்பள்ளி அகல ரயில் பாதையில் ரயில் ஓடுகிறது. வருகிற மார்கழியில் அவரை மறுபடி அனுப்பி வையுங்கள். பைனாகுலர் நான் தருகிறேன்; பேரனிடமிருந்து வாங்குவதுதான் கொஞ்சம் கஷ்டம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர்,
திருத்துறைப்பூண்டி.