பூட்டை இழுத்துப் பார்க்கும் கை

ஆசிரியருக்கு,

அன்றாட வாழ்வின் உளவியலைப் பற்றிக் கலைஞர்கள் சிலர் சேர்ந்து வைத்திருந்த கண்காட்சியைச் சென்னையில் பார்த்தேன். ஒரு மூலையில் பழைய திண்டுக்கல் பூட்டு, இழுத்து இழுத்தே வளைவு தேய்ந்தது போல. தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பவள் என் மனைவி. அதன் முன் நின்று சிரித்தாள். அப்புறம் வீடு வரும்வரை பேசவில்லை.

மறதி, வாய்தவறல் பற்றியெல்லாம் உளவியல் மேதை பிராய்டு 1901-லேயே எழுதிவிட்டார். ஜப்பானிய ஓவியர் யயோய் குசாமாவோ 1977 முதல் மனநல மருத்துவமனையில் விரும்பித் தங்கியே வரைந்து வருபவர். சரி, நம் ஊர்க் குறைக்கு வருகிறேன். விளக்க அட்டைகள் முழுக்க ஆங்கிலம். "யாரோ பூட்டை மறந்துட்டுப் போயிட்டாங்க சார்" என்றார் காவலாளி. தமிழிலும் நாலு வரி ஒட்டலாமே. அட்டையில் பாதி காலியாகத்தான் கிடந்தது.

– ஒரு வாசகர், மயிலாப்பூர்