கட்டின் வெளிப்பக்கம்

படுவான்கரை,
கார்த்திகை, ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பின படங்கள் கிடைத்தன. தம்பி போனில் பெரிதாக்கிக் காட்டினான். மழையில் நனைந்த காட்டுப்பாதை, பாசி பிடித்த ஒரு கல், அதில் நாலு எழுத்து: சி, எல், ஓ, பி. 'இது என்னவென்று சொல்லுங்கோ பார்ப்போம்' என்று கீழே எழுதியிருந்தாய். யாரோ வெள்ளைக்காரனின் கல்லறை என்று நினைத்தேன். ஆங்கிலத்தில் 'பழைய கட்டின் நடுக்கோடு' என்பதன் சுருக்கம் என்று நீ சொன்ன பிறகு அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. இங்கிலாந்தில் செஃபீல்டுக்கு மேலே 1864இல் உடைந்துபோன டேல் டைக் அணை எந்த இடத்தில் நின்றது என்று காட்டக் கல் நட்டு வைத்திருக்கிறார்கள்! உன் அம்மப்பா இருந்திருந்தால் அந்தக் கல்லைப் பார்க்கவே கப்பல் ஏறியிருப்பார்.

அன்றைக்கு போனில் பேசும்போது உனக்கு பஸ் வந்துவிட்டது, நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுபோனது. அதுதான் எழுதுகிறேன். முப்பது வருடம் வரலாறு படிப்பித்தவள் கையில் ஒரு விசயம் அகப்பட்டால் விடமாட்டாள் என்று உனக்குத் தெரியும். தம்பியைக் கொண்டு தேடி எடுப்பித்து நாலு இரவாக வாசித்தேன். செஃபீல்டில் நீ இருக்கிற ஹில்ஸ்பரோவும் அந்தத் தண்ணீர் வந்த வழிதான். இதை நீ எனக்குச் சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவேன் என்று விட்டாய்போல. சரி.

அந்த டேல் டைக் அணை 1864இல் புத்தம் புதிது. முதல் முறையாக நிரம்பிக்கொண்டிருந்தது. செஃபீல்டுக்குத் தண்ணீர் கொடுக்க ஒரு கம்பனி கட்டியது. மண்கட்டு, நடுவில் குழைத்த களிமண்ணால் ஒரு சுவர். நம் குளக்கட்டுகளுக்கு ஒரு வகையில் சொந்தம் என்று வை. மார்ச் 11, வெள்ளிக்கிழமை, கடும் காற்று. பின்னேரம் ஐந்தரை மணிபோல ஹோர்ஸ்ஃபீல்ட் என்ற வேலையாள் கட்டின் வழியாக வீட்டுக்குப் போகையில் ஒரு வெடிப்பைக் கண்டான். பேனாக்கத்தி அலகு நுழையும், அவ்வளவுதான். பொறுப்பான எஞ்சினியர் கன்சன் அன்று பகல் வந்து பார்த்துவிட்டு எட்டு மைல் தள்ளி நகரத்துக்குப் போய்விட்டார். அவரைக் கூட்டிவர, ஒப்பந்தக்காரர் ஒருவரின் மகனைக் குதிரையில் அனுப்பினார்கள்.

இனித்தான் நான் மூன்று தரம் திரும்பத் திரும்ப வாசித்த இடம். அந்தப் பொடியன் டாம்பிளாஸ்க் என்ற சின்ன ஊருக்கு வரும்போது குதிரைச் சேணத்தின் வார் அறுந்துபோனது. அதைச் சரிக்கட்டும் வரைக்கும் நின்றவன், சும்மா நிற்பானேன் என்று, கட்டில் வெடிப்பு வந்திருக்கிறது என்று அங்கே நின்றவர்களிடம் சொன்னான். அந்த ஊர்ச் சனம் அநேகமாக எழும்பி மேட்டுக்குப் போய்விட்டது. அவர்களுக்குச் சொல்லும்படி யாரும் அவனை அனுப்பவில்லை, மகள். எஞ்சினியருக்குச் சொல்லத்தான் அனுப்பினார்கள். வார் நல்ல வாராக இருந்திருந்தால் அந்த ஊர் நித்திரையில் கிடந்திருக்கும்.

கன்சன் பத்து மணிபோல வந்து சேர்ந்தார். குழாய்களைத் திறந்துவிட்டார்கள், போதவில்லை. வானை, அதுதான் மிஞ்சின தண்ணீர் வழிந்தோடுகிற இடத்தை, வெடிமருந்து வைத்துத் தகர்த்துத் தண்ணீரை இறக்கப் பார்த்தார்கள், மருந்து வேலை செய்யவில்லை. பதினொன்றரைக்குக் கட்டு போனது. அவரே மயிரிழையில்தான் தப்பினார். பிராட்ஃபீல்ட் என்ற ஊரில் ஒரு தையற்காரரின் மனைவி பிள்ளை பெற்று இரண்டு நாள். தகப்பன் தாயையும் பிள்ளையையும் எப்படியாவது வெளியே கொண்டுவரப் பார்த்தார். பிள்ளையைத் தண்ணீர் பறித்துக்கொண்டது. செத்தவர்களில் முதலாவது அதுதான் என்கிறார்கள். பெயர்கூட வைக்கவில்லை. செத்தவர்களின் மொத்தக் கணக்கு 240 பேர் அளவில்.

வெடிப்பைக் கண்டதற்கும் கட்டு உடைந்ததற்கும் இடையில் ஆறு மணித்தியாலம். ஆறு மணித்தியாலத்தில் நான் கொக்கட்டிச்சோலைக்கு நடந்துபோய்ச் சாமி கும்பிட்டுத் திரும்பி வந்துவிடுவேன்.

இதை வாசிக்கையில் எனக்குக் கந்தளாய்தான் ஞாபகம் வந்தது. நீ பிறக்க வெகு காலம் முந்தியது, 1986 ஏப்ரல் 20. அதுவும் ஞாயிறு. புதுவருடம் கழிந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. பேணிக்குள் அடியில் நாலைந்து கொக்கிசு, எறும்பு ஏறினது, கிடந்தது. ரேடியோவில் கந்தளாய்க் குளம் உடைத்தது என்று சொன்னதும் எங்கள் வீட்டில் முதலில் யாரும் நம்பவில்லை. வெள்ளம் என்றால் மாரியில் வரும். மழை போய் எத்தனை நாள், வானம் வெளிச்சமாக இருக்கிறது, எங்கிருந்து வெள்ளம்? சண்டைக் காலம் வேறு, யாரோ குண்டு வைத்துவிட்டான் என்றுதான் எங்கள் றோட்டில் கதை ஓடியது.

விடியப்புறம் மூன்று மணிபோல உடைத்திருக்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட சனம் செத்தது, 1,600 வீடு அளவில் போனது, 2,000 ஏக்கர் வேளாண்மை போனது. இரண்டரை மைலுக்கு மேல் நீளமான கட்டு அது, ஐம்பது அடி உயரம். நம் ஆட்கள் குளக்கோட்டன் என்ற அரசன் கட்டினது என்பார்கள், புத்தகத்தில் ஏழாம் நூற்றாண்டு, இரண்டாம் அக்கபோதி மன்னன் என்று இருக்கும். வகுப்பில் இரண்டையும் சொல்லுவேன். யார் கட்டினது என்று தண்ணீருக்குத் தெரியாது. பாரமான வாகனங்களைக் கட்டின் மேல் ஓட்டினதும் ஒரு காரணம் என்று பிறகு பேசிக்கொண்டார்கள். செஃபீல்டில் போல வெடிப்பைக் கண்டு குதிரையில் ஓட ஒரு பொடியன்கூட அங்கே இருந்ததாக நான் கேள்விப்படவில்லை.

அன்று காலை உன் அம்மப்பா தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டுச் சால்வையை எடுத்தார். அவர் அப்போது வட்டவிதானை, எங்கள் குளத்தையும் வயல் தண்ணீரையும் பார்க்கிற பொறுப்பு. 'எங்கே போறீங்க' என்று அம்மா கேட்டா. 'கட்டைப் பார்த்திட்டு வாறன், மறுகா சாப்பிடுவம்' என்றார். எனக்குப் பதினெட்டு வயது, நானும் பின்னால் போனேன்.

கட்டின் மேல்தான் நடப்பார் என்று நினைத்தேன். மேலே ஏறவே இல்லை. வெளிப்பக்கம், அடியில், வயல் தொடங்குகிற இடத்தால் நடந்தார். பற்றைக்குள் கையை விட்டு விலக்கி விலக்கிப் பார்த்தார். நண்டு வளை, உடும்புப் புற்று, பட்ட மரத்தின் வேர், எல்லாவற்றுக்கும் நின்றார். துருசுக்கு, அதுதான் வயலுக்குத் தண்ணீர் விடுகிற மதகுக்கு, கிட்ட புல் ஒரு பாயளவுக்கு மட்டும் கடும் பச்சையாக நின்றது. அதில் குந்தியிருந்து ஒரு சின்னக் குழி தோண்டினார். தண்ணீர் ஊறினது. உள்ளங்கையில் அள்ளி வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார். கைரேகை தெரிகிற அளவுக்குத் தெளிவு. என் கையைப் பிடித்து அதில் ஊற்றிச் சொன்னார்: 'தெளிஞ்சு வந்தா அது குளத்துத் தண்ணி, புள்ள. கலங்கி வந்தா கட்டு வருது.'

பிறகு எத்தனையோ வருடம் பள்ளிக்கூடத்தில் எவ்வளவோ படிப்பித்தேன், இதைவிட நல்ல வசனம் ஒன்று சொல்ல எனக்கு வாய்க்கவில்லை. மண்ணைக் கரைத்துக்கொண்டு வருகிற தண்ணீர் உள்ளுக்குள் வழி எடுத்துவிட்டது என்று அர்த்தம். வழி பெருக்கப் பெருக்க இன்னும் மண் வரும். வெளியில் இருந்து பார்த்தால் கட்டு கட்டாகத்தான் நிற்கும், ஒரு நேரத்தில் அப்படியே இடிந்து விழுந்துவிடும்.

டேல் டைக்கிலும் இதுதான் சண்டை. கட்டுக்கு அடியால் இரண்டு இரும்புக் குழாய், ஒவ்வொன்றும் 18 அங்குலம். அவ்வளவு மண்ணுக்கு அடியில் புதைத்தால் கசிந்தால் யார் பார்ப்பது என்று ஒரு பக்கம் கேட்டது. கட்டில் பிழையில்லை, நிலம்தான் சறுக்கியது என்று கம்பனிப் பக்கம் சொன்னது. 1978இல் பின்னி என்ற எஞ்சினியர் கணக்கெல்லாம் திரும்பப் போட்டுப் பார்த்து, நடுக் களிமண் சுவரையே தண்ணீர் அழுத்திப் பிளந்து உள்ளால் போயிருக்கும் என்று எழுதினார். 'துருசும் கட்டும் சேருகிற இடத்தாலதான் கள்ளன் வருவான்' என்று அம்மப்பா சொல்லுவார். நம் பழைய குளங்களில் துருசுக்குக் கல்லால் ஒரு கிணறுபோலக் கட்டி, தண்ணீரின் வேகத்தை அதில் அடக்கித்தான் வெளியே விட்டார்கள். சிங்களத்தில் பிசோகொட்டுவ என்பார்கள். குழாயைப் புதைத்துவிட்டு மறந்துபோகிற வேலை அதில் இல்லை.

ஒன்று என்னைக் கோபப்படுத்தியது, அதையும் சொல்லிவிடுகிறேன். டேல் டைக்குக்குப் பன்னிரண்டு வருடம் முந்தி, 1852இல், அந்தப் பக்கத்திலேயே ஹோம்ஃபர்த்தில் பில்பெரி அணை உடைந்து 81 பேர் செத்தார்கள். பொறுப்பானவர்கள் பெரும் கவலையீனம் செய்தார்கள் என்று ஜூரிமார் சொன்னார்கள். ஆனால் அவர்கள் சட்டப்படி ஒரு சபை, தனி ஆள் அல்ல, அதனால் கொலைக்குற்றம் சாட்ட ஏலாது என்றும் சொன்னார்கள். செஃபீல்டிலும் ஜூரிமார் வேலைக்கு ஏற்ற திறமையும் கவனமும் இருக்கவில்லை, அணைகளை அரசாங்கம் ஒழுங்காகப் பார்வையிட வேண்டும் என்றார்கள். நல்லது. அந்தச் சட்டம் எப்போது வந்தது தெரியுமா? 1930இல். அதற்கும் 1925இல் வேல்ஸில் டொல்கரொக் என்ற ஊரில் இன்னொரு அணை உடைந்து 16 பேர் சாக வேண்டியிருந்தது. இடையில் செஃபீல்டில் நட்டஈடு கேட்டு வந்த மனுக்கள் ஆறாயிரத்துக்கு மேல். அதைக் கொடுத்து முடிக்க, தண்ணீர்க் கட்டணத்தை நாலில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளக் கம்பனிக்கு அனுமதி கிடைத்தது. வீட்டை அடித்துக்கொண்டு போன தண்ணீருக்குச் சனமே காசு கட்டியது. வாசித்துவிட்டுத் தம்பியிடம் சொன்னேன், அவன் சிரிக்கிறான்.

2011 தை மாதத்து வெள்ளம் உனக்கு நினைவிருக்கும். பன்னிரண்டு வயது. பூனைக்குட்டியைப் புத்தகப் பையில் போட்டுக்கொண்டு மேசையில் ஏறி நின்றாய். குளம் உடைக்கவில்லை, அது உண்மை. கட்டைக் காக்க வான்கதவு திறந்துதான் ஆக வேண்டும், அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. திறக்கப் போகிறோம் என்ற அறிவித்தல் ஒரு கந்தோரிலிருந்து இன்னொரு கந்தோருக்கு ஒழுங்காகப் போயிருக்கிறது, கடிதத்தில் நேரம்கூடப் போட்டிருந்தது. எங்கள் ஒழுங்கைக்கு அது வரும்போது தண்ணீர் முழங்காலுக்கு மேலே. நெல்மூட்டை எல்லாம் அடுக்கினபடி நனைந்து, நாலு நாளில் சாக்குத் துளையால் முளை வெளியே வந்தது. நீ அதைப் பிடுங்கி விளையாடினாய்.

அம்மப்பா இருந்த காலத்தில் வான் பாயப் போகிறது என்றால் முதலில் கோயில் மணி அடிக்கும். மறுகா அவர் ரோச் லைட்டோடு ஒழுங்கை ஒழுங்கையாக வருவார். கந்தோருக்கு அறிவிப்பது விடிந்த பிறகுதான். அதற்காக ஒரு தரம் பேச்சும் வாங்கியிருக்கிறார், மேலிடத்துக்குத் தெரியாமல் சனத்தைப் பயப்படுத்தினது என்று. எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். நான்தான் பதில் எழுதிக்கொடுத்தேன். 'தூரத்தில் இருப்பவர்களுக்குப் பிறகு சொல்லலாம், கிட்ட இருப்பவர்களுக்குப் பிறகு சொல்ல ஏலாது' என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை.

இங்கே இப்போதும் மழைதான். வாவி நிரம்பி முகத்துவாரம் வெட்டப் போகிறார்கள் என்று கதை. கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாகக் கிடக்கிறது, கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறோம். மாமி கருவாடு தந்துவிட்டா. தம்பியின் கூட்டாளி ஒருவர் கொழும்பிலிருந்து வரும் மாதம் லண்டனுக்கு வருகிறார், அவரிடம் கொடுத்துவிடுகிறேன். நாலு பொலித்தீன் சுற்றிக் கட்டு என்று சொல்லாதே, எனக்குத் தெரியும்.

அப்புறம், உடைந்த கட்டுக்கு மேலே தள்ளி 1875இல் சின்னதாகத் திரும்பக் கட்டினார்கள் என்று இருந்தது. அந்த அணை இப்போதும் உன் வீட்டுக்கு மேலேதான் நிற்கிறது. அடுத்த விடுமுறைக்கு அந்தப் பக்கம் போனால் எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்பு. தண்ணீரும் மலையும் தெரிகிற படம் வேண்டாம், அது தம்பிக்கு அனுப்பு. வெளிப்பக்கம் இறங்கி, கட்டின் அடியில், புல்லைக் கிட்டப் பிடித்து எடு. எங்காவது ஈரம் கண்டால் கையில் அள்ளிப் பார்த்து எந்த நிறம் என்று எழுது.

அன்புடன்,
அம்மா