மண் ஆய்வுக்கு வரும் புதியவர்களைத் தனியாக அனுப்பாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிவில் முடித்தவர்களும் நிலவியல் படித்தவர்களும் இப்போது மண் ஆய்வு நிறுவனங்களில் வேலை கேட்டு வருகிறார்கள், சந்தோஷம். ஆனால் சேர்ந்த மறுவாரமே அவர்களை ரிக்கோடு (துளையிடும் இயந்திரம்) ஏதோ ஒரு சைட்டுக்கு அனுப்பிவிட்டு, "போர் லாக் (எந்த ஆழத்தில் என்ன மண் என்ற துளைப் பதிவு) எழுதி வாட்ஸ்அப்பில் போடு" என்று சொல்வது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. நானும் அப்படி அனுப்பப்பட்டவன்தான். அது ரொம்பத் தப்பு.

மண் எவ்வளவு கெட்டி என்று பார்க்கும் எஸ்.பி.டி. சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விட வேண்டும், துளைக்குள் இறங்கும் ராடில் 15 செ.மீ.க்கு ஒரு சாக்பீஸ் கோடாக மூன்று போட்டு, முதல் கோடு வரை விழும் சுத்தியல் அடிகளை விட்டுவிட்டு அடுத்த 30 செ.மீ. இறங்க எத்தனை அடி என்று எண்ண வேண்டும், அதுதான் 'N' வேல்யூ. கயிறு இழுப்பவர்கள் மதிய வெயிலில் களைத்துப்போய் அரை மீட்டரிலேயே விட்டால் அடிகள் கூடும், இளகிய களிமண் ரிப்போர்ட்டில் கெட்டி மண்ணாகிவிடும். அந்த எண்ணை நம்பித்தான் அஸ்திவாரம் டிசைன் செய்கிறார்கள்! "அண்ணே, இன்னும் மேலே தூக்கி விடுங்க" என்று மூத்த டிரில்லரிடம் சொல்ல, நேற்று வந்த பிள்ளைக்கு எங்கே தைரியம் வரும்? பக்கத்தில் அனுபவப்பட்ட ஒருவர் நிற்க வேண்டும்.

மாசு ஆய்வு இன்னும் நுணுக்கமானது. பழைய பெட்ரோல் பங்க் இருந்த இடத்து மண்ணை சாதாரண பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டினால் ஆவியாகக்கூடியது வழியிலேயே போய்விடும், லேப் 'சுத்தம்' என்று எழுதித் தரும். கண்ணாடி ஜாரில் இடைவெளி இல்லாமல் அடைத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, ஒவ்வொரு சாம்பிளுக்கும் கையுறை மாற்ற வேண்டும். இதைக் கல்லூரியில் யாரும் செய்து காட்டுவதில்லை. ராணிப்பேட்டையில் ஒரு லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு கிடந்து நிலத்தடி நீரையே கெடுத்ததை நாம் அறிவோம். மாசுபட்ட இடங்களுக்கென்று 2025இல் மத்திய அரசு தனி விதிகளே கொண்டுவந்துவிட்டது, இனி இந்த வேலைக்கு ஆள் நிறையத் தேவைப்படும்.

புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன்: மண்ணைக் கையில் எடுத்து உருட்டிப் பாருங்கள், துளையில் தண்ணீர் மட்டத்தை மறுநாள் காலையிலும் அளந்து பாருங்கள், லாக்கை அங்கேயே நின்று எழுதுங்கள், ரூமுக்குப் போய் எழுதலாம் என்று மட்டும் விடாதீர்கள். அப்புறம், டிரில்லர் அண்ணன்களிடம் கேளுங்கள், தண்ணீரின் நிறம் மாறினாலே அடுத்த அடுக்கு வந்துவிட்டது என்று சொல்லிவிடுவார்கள்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். மீட்டருக்கு இவ்வளவு என்று துளையிடுவதற்கு மட்டும் ரேட் கேட்கும் டெண்டர்களில், தகுதியுள்ள மேற்பார்வையாளர் முழுநேரமும் சைட்டில் இருக்க தனித் தொகை ஒதுக்க வேண்டும், அவர் கையெழுத்து இல்லாத லாக்கை ஏற்கக் கூடாது.

இப்படிக்கு,
மண் ஆய்வுத் துறையில் பணிபுரியும் வாசகர்,
தாம்பரம்