குழுவில் சேர், கலா

ரோஸ் ஹில், மொரீஷியஸ்
ஞாயிறு மாலை

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. உடனே பதில் போடாததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. விடைத்தாள் கட்டு, அப்புறம் சளி. தஞ்சாவூர் வெயிலைப் பற்றி நீ புலம்பியிருக்கிறாய், இங்கே ஜூலைக் குளிரில் நான் ஸ்வெட்டரோடு உட்கார்ந்து எழுதுகிறேன். க்யூர்பிப் பக்கம் தூறல் நிற்கவே இல்லையாம். அம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே நீ.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உங்கள் கல்லூரியில் செயற்கை நுண்ணறிவைப் பாடம் நடத்தப் பயன்படுத்துவது பற்றி ஆராய ஒரு குழு போடுகிறார்கள், உன்னையும் கூப்பிடுகிறார்கள். "தமிழ் டீச்சருக்கு அங்கே என்னடி வேலை?" என்கிறாய். இருக்கிறது. பகுதிநேர ஆராய்ச்சி என்று இரண்டு வருஷமாகக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு படித்ததில் எனக்குப் பிடிபட்டதைச் சொல்கிறேன்.

பெஞ்சமின் புளூம் என்ற அமெரிக்கக் கல்வி ஆராய்ச்சியாளர் 1984-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு பிள்ளைக்கு ஒரு ஆசிரியர் என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால், அப்படிப் படித்த சராசரி மாணவனே வழக்கமான வகுப்பில் 98 சதவீதம் பேரை முந்திவிடுவான் என்றார். என் பாட்டி மடியில் வைத்துக்கொண்டு அரிசியில் 'அ' எழுதவைத்தாளே, அது மாதிரி. ஆனால் ஆளுக்கொரு ஆசிரியரைப் போட எந்த அரசாங்கத்திடம் காசு இருக்கிறது? அந்த இடத்தில் இயந்திரத்தை உட்காரவைக்கலாமா என்றுதான் இத்தனை வருஷமாக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

2011-இல் கர்ட் வான்லேன் என்பவர் பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்து அலசினார். மனித ஆசிரியரால் வரும் பலன், திட்ட விலக்கக் கணக்கில் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு அது), புளூம் சொன்ன 2 இல்லை, 0.79தான். அந்த 98 சதவீதம் என்பதுதான் இந்த 2. மாணவன் போடும் ஒவ்வொரு படியையும் பார்த்துக் குறிப்புத் தரும் மென்பொருளுக்கு 0.76. கடைசி விடை சரியா தப்பா என்று மட்டும் சொல்லும் மென்பொருளுக்கு 0.31. விடையைத் திருத்துவது வேறு, வழியைக் கவனிப்பது வேறு. நல்ல டீச்சர் எவளுக்கும் இது புதுசு இல்லை, ஆனால் எண்ணாகப் பார்த்தபோது எனக்கே ஒரு தெம்பு வந்தது.

அடுத்தது துருக்கியில் நடந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அங்கே ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஏறக்குறைய 1,000 மாணவர்களைக் கணக்குப் போடவைத்தார்கள். சிலரிடம் சாட்ஜிபிடி மாதிரி ஒரு சாதாரண உரையாடு கருவியைக் கொடுத்தார்கள். பயிற்சியில் அவர்கள் மற்றவர்களைவிட 48 சதவீதம் நன்றாகச் செய்தார்கள். பிறகு கருவியைப் பிடுங்கிக்கொண்டு பரீட்சை வைத்தால், கருவியையே தொடாதவர்களைவிட 17 சதவீதம் மோசம்! விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி ஆசிரியர்கள் கட்டுப்படுத்திய கருவியில் அந்தக் கெடுதல் பெரும்பாலும் இல்லை. உங்கள் குழு எதைச் சோதித்தாலும், கடைசியில் கருவி இல்லாமல் ஒரு தேர்வு வைக்கிறார்களா என்று நீ கேள். அதைக் கேட்க ஒரு ஆள் வேண்டும்.

இனி என் வகுப்புக் கதை. முன்பு வேலை பார்த்த பள்ளியில் ஒரு ஊடாடு பலகை மாட்டினார்கள். எழுத்துப் பாட்டு வரும், கிளி பறக்கும், 'க'வைத் தொட்டால் மணி அடிக்கும். மறுநாள் கேட்டால் எல்லாருக்கும் கிளி நினைவிருந்தது, 'க' இல்லை. பாடத்துக்குச் சம்பந்தமில்லாத அலங்காரம் கற்றலைக் கெடுக்கும் என்று ரிச்சர்ட் மேயர் என்ற கல்வி உளவியலாளர் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார். அந்தக் கிளிக்கு யார் சொல்வது?

இப்போது ஐந்தாம் வகுப்பில் எனக்கு ஏழு பிள்ளைகள். தமிழ் விருப்பப் பாடம், வீட்டில் பேச்செல்லாம் இந்த ஊர் மொழியான கிரியோல். போன மாதம் ஒரு கருவியிடம் "மூரூம் கீரை எப்படிச் சமைப்பது?" என்று கேட்கச் சொன்னேன். முருங்கைக்கீரையை இங்கே எல்லாரும் 'ப்ரெட் மூரூம்' என்பார்கள், உனக்குத்தான் தெரியுமே. அது ஒரு கடல்பாசி என்று கருவி பக்கம் பக்கமாக விளக்கியது. கடைசி பெஞ்சுப் பெண் எழுந்து, "மிஸ், லீ பே மாந்தி!" என்றாள். 'பொய் சொல்லுது' என்று அர்த்தம். அவள் வீட்டுக் கொல்லையில் மரமே நிற்கிறது. உடனே ஏழு பேரும் திருத்தம் எழுத உட்கார்ந்தார்கள். ஒருவன் 'முறுங்கை' என்று எழுத, சண்டை ஆரம்பித்தது. சின்ன 'ர'வா, பெரிய 'ற'வா? கரும்பலகை வரை வந்து, அகராதியைப் புரட்டி, அவனே அழித்து எழுதினான். பத்து முறை டிக்டேஷன் போட்டாலும் இந்தக் கவனம் வராது. ஏழு பிள்ளை, ஒரு காலை நேரம். இதை ஆய்வு என்றால் என் வழிகாட்டி சிரிப்பார்.

ஆனால் சேமூர் பாப்பர்ட் இருந்திருந்தால் சிரித்திருக்கமாட்டார். நம் அக்கம்பக்கத்தவர், தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் 1928-இல் பிறந்தவர். 1967-இல் பிள்ளைகளுக்கான லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கியவர்களில் ஒருவர். கணினி பிள்ளைக்குக் கட்டளை போடக் கூடாது, பிள்ளைதான் கணினிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. நானும் அந்தக் கட்சிக்குத்தான் சாய்கிறேன், குறைந்தபட்சம் தமிழ் விஷயத்திலாவது.

உனக்கு வேலை இருக்கிறது என்றேனே, அது இதுதான். கணினியில் எழுத்தைச் சேமிக்கும் அளவு பைட். வழக்கமான UTF-8 குறிமுறையில் ஒரு ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும், நம் 'க'வுக்கு மூன்று. 'கோ' என்றால் 'க'வுக்கு மூன்று, அதன் குறிக்கு மூன்று. பல கருவிகள் தமிழ்ச் சொல்லை முருங்கைக்காய் நறுக்குவது போல நறுக்கித்தான் படிக்கின்றன. கருவி சரளமாகப் பேசும்போது எங்கே தப்பு என்று கணினித் துறைக்காரர்களுக்குக் காதில் விழாது, உனக்கு விழும். அதனால் கூச்சப்படாமல் போய்ச் சேர். முதல் கூட்டத்தில் யார் யார் என்ன பேசினார்கள், என்ன டிபன் போட்டார்கள், இரண்டையும் எழுது.

உன்,
தேவி

பி.கு.: நேற்று அதே கேள்வியை மறுபடி கேட்டேன். இப்போது மூரூம் ஒரு மீனாம்.