ஒரே பிளக்கில் எல்லாவற்றையும் மாட்டாதே

அன்பு மச்சான்,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அக்காவுக்கு மாற்றல் உறுதியாகிவிட்டது, வாத்தியார் முழங்கால் வலியோடு இன்னமும் மாடிப்படி ஏறி இறங்குகிறார், ஒல்லி எப்போதும் போலத்தான். சின்னவள் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். சொல்லிவிட்டேன்.

இனி விஷயம். "ஸ்மார்ட் பிளக் ஒன்று வாங்கி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் போட்டு, மொத்தப் பாட்டு செட்டையும் அதிலேயே மாட்டிவிட்டேன். படுத்தபடியே போனில் ஆன் பண்ணுகிறேன்" என்று பெருமையாக எழுதியிருந்தாய். அடுத்த வரியிலேயே, "ஆன் பண்ணும்போது ஸ்பீக்கரில் டொம் என்று ஒரு சத்தம் வருகிறது, அது ஒன்றுமில்லை" என்றும் எழுதியிருந்தாய். அந்த ஒரு வரிக்காகத்தான் வேலையை வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். பச்சை டேப் ரெக்கார்டர் விஷயத்திலும் நீ இதையேதான் சொன்னாய்.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ப்ரீ ஆம்புக்குக் கரன்ட் போன முதல் சில நொடிகளில் அதற்குள் கரன்டைச் சேர்த்துவைக்கும் கெபாசிட்டர்கள் நிரம்பிக்கொண்டிருக்கும். அதுவரை அவுட்புட் ஒரு நிலையில் நிற்காது, மேலும் கீழும் துள்ளும். டிஜிட்டல் பாட்டை ஒலி சிக்னலாக மாற்றும் டிஏசியும் அப்படித்தான். அந்த நேரத்தில் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப் விழித்திருந்தால், துள்ளலைப் பாட்டு என்று நினைத்துப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும். 26 டெசிபல் கெயின் (பெருக்கும் அளவு) உள்ள ஆம்ப் என்றால் வோல்ட்டேஜ் 20 மடங்கு. அரை வோல்ட் துள்ளினால் ஸ்பீக்கருக்கு 10 வோல்ட். ஸ்பீக்கரில் கனத்த ஒலி தரும் வூஃபரின் கோன் ஒரே தள்ளாக வெளியே போய்த் திரும்புவதைத்தான் நீ டொம் என்று கேட்கிறாய். ஒரு தடவையில் எதுவும் ஆகாது. தினமும் இரண்டு வேளை அதற்கு இந்த அடி எதற்கு? அந்த ஸ்பீக்கருக்காக நீ எத்தனை நாள் காத்திருந்தாய் என்று எனக்குத் தெரியும்.

ஆகவே வரிசைதான் முக்கியம். ஆன் செய்யும்போது முதலில் பாட்டை எடுத்துத் தரும் ஸ்ட்ரீமர், டிஏசி, பிறகு ப்ரீ ஆம்ப். அவை நிலைக்குவர ஒரு பத்து நொடி. பவர் ஆம்ப் கடைசியில். ஆஃப் செய்யும்போது நேர் தலைகீழ்: பவர் ஆம்ப் முதலில் போக வேண்டும். போனதும் உடனே ப்ரீ ஆம்பை நிறுத்தாதே. பவர் ஆம்பின் பெரிய கெபாசிட்டர்களில் மிச்சமிருக்கும் கரன்டில் அது இன்னும் சில நொடி பாடிக்கொண்டுதான் இருக்கும், நீயே கேட்டிருப்பாய். அது முழுக்க அடங்கட்டும். சில ஆம்ப்களில் ஸ்பீக்கர் லைனைத் தாமதமாக இணைக்கும் ரிலே, அதாவது கரன்டால் இயங்கும் ஸ்விட்ச், உள்ளேயே இருக்கும், அவை தாமாகவே சமாளித்துக்கொள்ளும். உன்னுடையதில் அது இல்லை. இருந்திருந்தால் டொம் வந்திருக்காது.

இதைவிட எனக்குக் கவலையான விஷயம் அந்தப் பிளக்குக்குள் இருக்கும் ரிலே. உன் ஆம்பில் இருப்பது பெரிய வளைய வடிவ டொராய்ட் டிரான்ஸ்ஃபார்மர். மெயின்ஸ், அதாவது வீட்டுக் கரன்ட், அலையின் எந்த இடத்தில் ஸ்விட்ச் விழுகிறது என்பதைப் பொறுத்து, அதன் இரும்புக் கோர் காந்தத்தால் ஒரு கணம் நிரம்பிவிடும். அந்தக் கணத்தில் இழுக்கும் கரன்ட் வழக்கமாக இழுப்பதைப் போலப் பல மடங்கு. பிளக்கின் மேல் போட்டிருக்கும் ஆம்பியர் கணக்கு பெரும்பாலும் ஹீட்டர் மாதிரியான சாதாரண லோடுக்கானது. டிரான்ஸ்ஃபார்மருக்கு அதை நம்ப முடியாது. தினமும் அந்தப் பொறி பட்டுப்பட்டு ரிலேயின் காண்டாக்ட்கள் ஒருநாள் உருகி ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டிக்கொண்டால் போனில் 'ஆஃப்' என்று காட்டும், ஆம்ப் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். நீயும் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பியிருப்பாய்.

இதற்கு யாராவது காண்டாக்டே இல்லாத ஜீரோ கிராசிங் சாலிட் ஸ்டேட் ரிலே போடச் சொன்னால் கேட்காதே. அலை பூஜ்யத்தைக் கடக்கும்போது ஆன் செய்வது பல்புக்கு நல்லது. டிரான்ஸ்ஃபார்மருக்கு அதுதான் இருப்பதிலேயே மோசமான இடம், கோர் அதிகமாக நிரம்புவது அப்போதுதான். ஒல்லியோடு இதைப் பற்றி ஒரு சாயங்காலம் முழுக்க மல்லுக்கு நின்றேன், அவன் ஒத்துக்கொள்ளவில்லை. நீயாவது ஒத்துக்கொள்.

சரி, அப்படியானால் என்ன செய்வது? ஆம்பின் பின்பக்கத்தைப் பார். '12 வோல்ட் ட்ரிக்கர் இன்' என்று எழுதி ஒரு 3.5 மிமீ ஓட்டை இருக்கிறதா? இருந்தால் உன் பிரச்சினையில் பாதி தீர்ந்தது. ப்ரீ ஆம்பில் 'ட்ரிக்கர் அவுட்' இருக்கிறதா என்றும் பார். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாதாரண மோனோ ஒயர், அவ்வளவுதான். ப்ரீ ஆம்ப் விழித்ததும் அந்த ஒயரில் 12 வோல்ட் போகும், ஆம்ப் தன் சொந்த ரிலேயால், முதல் இழுப்பை மட்டுப்படுத்தும் சாஃப்ட் ஸ்டார்ட் இருந்தால் அதன் வழியாகவே, தானே எழுந்துகொள்ளும். அந்த ஆம்பைச் செய்தவன் அதன் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஏற்றபடிதான் அந்த ரிலேயை வைத்திருப்பான். கடையில் வாங்கிய பிளக்குக்கு உன் ஆம்ப் என்னவென்றே தெரியாது. தாமதம் செட் செய்யும் வசதி ப்ரீ ஆம்பில் இருந்தால் இன்னும் நல்லது.

சிக்னல் வந்தால் தானே எழும் 'ஆட்டோ' என்ற வசதி பல ஆம்ப்களிலும் சப்வூஃபர்களிலும் இருக்கிறது. எனக்கு அது பிடிக்காது. ராத்திரி சத்தத்தைக் குறைத்து வைத்துப் புல்லாங்குழல் கேட்டால், சிக்னல் போதவில்லை என்று நடுவிலேயே தூங்கிவிடும். திரும்ப எழும்போது முதல் ஸ்வரத்தை விழுங்கிவிடும். இருபது நிமிஷம் சும்மா இருந்தால் தூங்கிப்போகும் இந்தப் பழக்கம் இத்தனை பெட்டிகளுக்கு வந்ததில் ஐரோப்பிய விதிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 2008-இல் போட்ட விதி, 2010-இல் ஸ்டாண்ட்பை மின்சாரத்தை 1 வாட்டுக்கும் 2013-இல் அரை வாட்டுக்கும் இறக்கியது, சும்மா இருந்தால் தானாக ஸ்டாண்ட்பைக்குப் போக வேண்டும் என்றும் கேட்டது. நல்ல நோக்கம்தான். 50 வாட் சும்மா இழுக்கும் ஆம்பை 20 மணி நேரம் விட்டுவைத்தால் ஒரு யூனிட் வீண், அதுவும் ஒவ்வொரு நாளும். ஆனால் சிக்னலை வைத்து முடிவெடுப்பதைவிட, பாட்டு ஓடுகிறதா என்று ஸ்ட்ரீமரையே கேட்பது மேல். அதற்குத் தெரியும்.

டிவியோடு சேர்த்து ஆம்பையும் எழுப்பும் எச்டிஎம்ஐ சிஇசி வசதி பற்றிக் கேட்டிருந்தாய். யாரோ டிவியைத் தட்டினால் என் ஆம்ப் ஏன் எழ வேண்டும்? அணைத்துவை.

இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு இன்னொரு காரணம் உண்டு, மச்சான். அம்மாவுக்குப் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது என்று முன்பே எழுதியிருந்தேன். சில மாதங்களாகக் காலையில் பாட்டுச் சத்தமே இல்லை. கேட்டால், "இப்போதெல்லாம் மனசு போகவில்லை" என்பாள். ஒருநாள் தற்செயலாகப் பார்த்தேன். ரேக்கின் பின்னால் கையை விட்டு ஆம்பின் ஸ்விட்சைத் தடவித் தேடிக்கொண்டிருந்தாள். விரல் ஸ்பீக்கர் டெர்மினலில் முட்டியது, பிறகு ஒயர் கட்டில், பிறகு வென்டிலேஷன் ஓட்டையில். கொஞ்ச நேரம் தேடிவிட்டுக் கையை எடுத்து, புடவையில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். மனசு போகாமல் இல்லை, கைதான் போகவில்லை.

அதனால்தான் இதில் இறங்கினேன். அவள் நாற்காலியின் கைப்பிடியில் பேட்டரியில் ஓடும் ஒரு பெரிய பொத்தானை ஒட்டினேன். தொட்டால் தெரியும்படி நடுவில் ஒரு புள்ளி மேடு வைத்தேன். அமுக்கினால் ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்: டிஏசி, ப்ரீ ஆம்ப், பத்து நொடி, ட்ரிக்கர், சத்தத்தை ஒரு குறிப்பிட்ட அளவுக்கு இறக்குதல், பிறகு பாட்டு. ஸ்ட்ரீமரை மட்டும் நான் அணைப்பதே இல்லை. அது ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர், திடீரென்று கரன்டைப் பிடுங்கினால் மெமரி கார்டு கெட்டுப்போகலாம். அது இழுப்பதும் கொஞ்சம்தான்.

இதில் நீ யோசித்திருக்கமாட்டாத ஒன்று சொல்கிறேன். பொத்தானை அமுக்கிப் பாட்டு வரும்வரை உள்ள இடைவெளி இருக்கிறதே, பார்வை இருப்பவனுக்கு விளக்கு எரிவது தெரியும், காத்திருப்பான். அம்மாவுக்குத் தெரியாது. வேலை செய்யவில்லை என்று நினைத்து மறுபடி அமுக்குவாள், அது ஆஃப் ஆகிவிடும். ஆகவே வரிசை முடியும்வரை இரண்டாவது அமுக்கலை அது கண்டுகொள்ளாது. ஆனால் அவளுக்கு உண்மையில் உதவியது ரிலேக்களின் சத்தம். முதலில் ஒரு 'டிக்', பிறகு ரேக்கின் கீழ்த்தட்டிலிருந்து கனமாக ஒரு 'டக்'. இப்போது "டக் வந்தாச்சு" என்று சொல்லிக்கொண்டே சாய்ந்துகொள்கிறாள். சத்தமில்லாத ரிலே போட வேண்டும் என்று இருந்தவன் நான். இனி போடமாட்டேன்.

பாட்டு நின்று அரை மணி ஆனால் எல்லாம் தலைகீழ் வரிசையில் தானாக அடங்கிவிடும். ஆம்ப் இருக்கும் பிளக் எவ்வளவு வாட் போகிறது என்று அளக்கும் வகை. அதை நான் அணைக்கப் பயன்படுத்துவதில்லை, பார்க்க மட்டும்தான். ஆஃப் ஆன பிறகும் ஐந்து வாட்டுக்கு மேல் காட்டினால் என் போனுக்குத் தகவல் வரும்.

இந்த வாட் கணக்கு உனக்கு இன்னொரு இடத்திலும் கைகொடுக்கும். உன் ப்ரீ ஆம்பின் ரிமோட்டில் ஆனுக்கும் ஆஃபுக்கும் ஒரே பொத்தான். ரிமோட் மாதிரி சிக்னல் அனுப்பும் ஐஆர் பிளாஸ்டர் வைத்து அதையே அனுப்பினால், ஒரு தடவை குறி தவறியதும் எல்லாம் புரண்டுவிடும்: ஆன் என்று நினைத்து ஆஃப் செய்யும். ஆனுக்குத் தனி, ஆஃபுக்குத் தனி என்று ரிமோட் சிக்னல் இருக்கிறதா என்று தேடு. சில மாடல்களில் ரிமோட்டில் பொத்தான் இல்லாவிட்டாலும் பெட்டி புரிந்துகொள்ளும். இல்லையென்றால், எத்தனை வாட் ஓடுகிறது என்று முதலில் பார்த்துவிட்டு அனுப்பச் சொல்.

நீ இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கரன்ட் போய்த் திரும்ப வந்தால் உன் பிளக் என்ன செய்யும் என்று அதன் செட்டிங்கில் பார். சிலவற்றில் 'ஆன்' என்றோ 'பழைய நிலை' என்றோ வைத்திருப்பார்கள். நடுராத்திரியில் கரன்ட் வந்ததும் மொத்த செட்டும் ஒரே நேரத்தில், நீ விட்டுவைத்த சத்தத்தில் எழும். வீட்டில் குழந்தை தூங்குகிறது, ஞாபகம் வை. அதை 'ஆஃப்' என்று மாற்று. அப்படியே, இன்டர்நெட் இல்லாதபோது அந்தப் பிளக் வேலை செய்கிறதா என்றும் ரவுட்டரின் வெளி லைனைக் கழற்றிப் பார்த்துவிடு. பாட்டுக் கேட்க யாரோ ஒருவனுடைய சர்வர் உயிரோடு இருக்க வேண்டும் என்ற நிலை வேண்டாம். என் வீட்டில் எல்லாம் உள்ளேயே ஓடுகிறது. பெட்டிகளின் சொந்த ஸ்விட்ச்களும் பழையபடி வேலை செய்யும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ரிலே போர்டு வாங்கி நீயே மெயின்ஸ் ஒயரை வெட்டி மாட்டப் போகாதே. ட்ரிக்கர் ஒயரை நீ எப்படி வேண்டுமானாலும் செய்துகொள், அது 12 வோல்ட். மெயின்ஸ் பக்கம் என்றால் எலக்ட்ரீஷியன். எர்த்தை எந்தக் காரணத்துக்காகவும் கழற்றாதே, 'ஹம் (உறுமல் சத்தம்) குறையும்' என்று ஒல்லி சொன்னாலும் சரி. ஆம்பின் மூடியையும் திறக்காதே. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் ஷாக் அடிக்கும் அளவுக்கு மிச்சமிருக்கும்.

ஆம்பின் பின்பக்கத்தையும் ப்ரீ ஆம்பின் பின்பக்கத்தையும் வெளிச்சத்தில் தெளிவாகப் படம் எடுத்து அனுப்பு. ட்ரிக்கர் இருந்தால் என்ன ஒயர் என்று சொல்கிறேன். இல்லையென்றால் சாஃப்ட் ஸ்டார்ட்டோடு வரும் பெட்டி ஒன்றைப் பார்ப்போம். அதுவரை பவர் ஆம்பை அந்தப் பிளக்கிலிருந்து எடுத்துவிட்டு எழுந்துபோய்க் கையால் போடு. அக்கா கிளம்புவதற்குள் ஒரு தடவை வந்துவிட்டுப் போ, வாத்தியாரும் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார்.

அன்புடன்,
உன் மச்சான்