பாரோ கேட்டது அவ்வளவு பெரிய வரமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மன்னர் லூயி பிலிப்பை வீழ்த்திய 1848 பிரெஞ்சுப் புரட்சி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஒரு வரி மட்டும் உறுத்துகிறது. ‘எல்லோருக்கும் வாக்குரிமை கேட்டு மன்னருடன் மோதிய தாராளவாதிகள்’ என்று கட்டுரையாளர் எழுதுகிறார். அந்தத் தாராளவாதிகளின் தலைவர்களான ஓதிலோன் பாரோவும் தியேரும் அதைக் கேட்கவே இல்லை.

அன்று வாக்களிக்க ஆண்டுக்கு 200 பிராங்க் நேரடி வரி கட்டியிருக்க வேண்டும். மூன்றரைக் கோடிப் பேர் வாழ்ந்த நாட்டில் வாக்காளர்கள் சுமார் 2,40,000 பேர்தான். அவர்கள் தரப்பு உறுப்பினர் துவெர்ஜியே த ஒரான் 1847 மார்ச்சில் கொண்டுவந்த மசோதா இந்த 200-ஐ 100 ஆக்கச் சொன்னது. தையல்காரருக்கும் கூலிக்காரருக்கும் அதில் ஒன்றும் கிடையாது. பெரிய பணக்காரர்களோடு சின்னப் பணக்காரர்களும் உட்காரட்டும் என்பதுதான் கோரிக்கை. அதையும் சபை 252-க்கு 154 என்று தள்ளிவிட்டது. அந்தச் சபையில் ஐந்தில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் அரசு உத்தியோகஸ்தர்கள். அவர்களுடைய பதவி உயர்வு மந்திரி கையில். வேறெப்படி வாக்களிப்பார்கள்?

லூயி பிலிப்பையும் அவருக்கு முன் ஆண்ட பத்தாம் சார்லையும் கட்டுரை ஒரே தட்டில் வைப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. 1830 ஜூலையில் சார்ல் பத்திரிகைச் சுதந்திரத்தை நிறுத்தினார், அப்போதுதான் தேர்ந்தெடுக்கப்பட்ட சபையைக் கூடுமுன்பே கலைத்தார், மூன்று நாள் தெருச் சண்டையில் முடியை இழந்தார். லூயி பிலிப் அப்படி எதையும் செய்யவில்லை. ‘சபையில் எனக்குப் பெரும்பான்மை இருக்கிறது, அப்புறம் என்ன?’ என்ற தோரணையில் தன் முக்கிய மந்திரி கீஸோவை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். சட்டத்தை மீறுகிறவரை எதிர்ப்பது சுலபம். இவர் எதிராளிக்குப் பிடியே கொடுக்கவில்லை.

அதனால்தான் விருந்துகள். அரசியல் கூட்டத்துக்கு அனுமதி கிடைக்காது, சாப்பிடுவதை யார் தடுப்பது? 1847 ஜூலை 9 அன்று பாரிஸ் ஷாத்தோ ரூஜில் சுமார் 1,200 பேர் பந்தியில் உட்கார்ந்தார்கள். பிறகு ஊர் ஊராகச் சுமார் எழுபது விருந்துகள். மதுக்கோப்பையைத் தூக்கி வாழ்த்துச் சொல்கிற சாக்கில் சீர்திருத்தப் பேச்சு. இவர்கள் முடியாட்சிக்கு எதிரிகளும் இல்லை. லீல் நகர விருந்தில், மன்னராட்சிக்கு விசுவாசம் காட்டும் வாசகத்தை வாழ்த்தில் சேர்க்கக் குடியரசுக்காரர்கள் மறுத்ததும் பாரோ சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். அப்படிப்பட்டவரையும் சேர்த்துத்தான், டிசம்பரில் சபையைத் தொடங்கிவைத்த மன்னர், பகைமையாலோ குருட்டுத்தனத்தாலோ எழுந்த ஆவேசங்கள் என்று கண்டித்தார்.

1848 பிப்ரவரி 22 அன்று பாரிஸில் நடக்கவிருந்த விருந்துக்குத் தடை வந்தது. அதற்கு முந்தின நாளே பாரோவும் அவரைச் சேர்ந்தவர்களும் பின்வாங்கிவிட்டார்கள். அழைத்தவர்கள் வரவில்லை, கூட்டம் வந்துவிட்டது. மறுநாள் மன்னரைக் காக்க வேண்டிய தேசியக் காவல்படையினரே “சீர்திருத்தம் வாழ்க” என்று கத்தினார்கள். அந்தப் படையில் இருந்தவர்கள் கடைக்காரர்கள் போன்ற நகரவாசிகள், அவர்களில் பெரும்பாலோருக்கு வாக்கு இல்லை. அப்போதுதான் கீஸோவை விலக்க மன்னருக்கு மனம் வந்தது. அன்றிரவு கப்புசீன் வீதியில் படையினர் சுட்டதில் ஐம்பது பேர் அளவில் இறந்தார்கள். 24-ஆம் தேதி காலை பாரோவை அழைத்து ஆட்சிப் பொறுப்பைக் கொடுத்தார்கள். போராட்டக்காரர்கள் தெருவில் போட்டிருந்த தடுப்புகளிடம் போனவரைக் கூட்டம் கேலி செய்து திருப்பி அனுப்பியது. அன்றே 74 வயது மன்னர் முடி துறந்தார்.

எல்லா ஆண்களுக்கும் வாக்கு என்பது அதன் பிறகு வந்த தற்காலிக அரசு மார்ச் 5-இல் கொடுத்தது. பெண்களுக்கு அப்போதும் இல்லை.

இன்னொரு விடுபடலும் உண்டு, இது ஊர்ப்பற்றில் சொல்வது. காலனிகளில் அடிமை முறையை ஒழித்த 1848 ஏப்ரல் 27 ஆணையிலேயே, இந்தியாவிலுள்ள பிரெஞ்சுப் பகுதிகளுக்கும் தேசிய சபையில் பிரதிநிதித்துவம் உண்டு என்று ஒரு விதி இருக்கிறது. பாரிஸ் வரை போன உங்கள் கட்டுரையாளர், திரும்பி வரும்போது எங்கள் புதுச்சேரியில் ஒரு பத்தியாவது இறங்கியிருக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
புதுச்சேரி